பதினைந்து பேரைக் கூட்டிக் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்து காட்ட

அளவை எழுதிக் கொடுத்துவிடலாம். பதத்தை எழுதிக் கொடுக்க முடியாது. "பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் இறக்கவும்" என்று தாளில் எழுதி நீட்டினால், பாகு காய்ச்சிப் பழகாத பெண்ணுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பாகை அவள் தன் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் செய்து காட்டுகிறோம். இதை மனசில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால், எந்தப் பலகாரத்தை எடுப்பது, எதை முன்னாலேயே செய்து வைப்பது, எதை அவர்கள் கண்முன் செய்வது, எதை அவர்கள் கையில் கொடுப்பது என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் வீட்டிலிருந்தே ஆர்டருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறவள். டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருப் பெண்களுக்கும் சர்ச் பெண்களுக்கும் சேர்த்து ஒரு சாயங்காலம் இந்தக் கூட்டம் போடுவேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணமாகி வந்த இளம் பெண்கள். சிலர் தக்கலை, குழித்துறை. சிலர் களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள். 1956 நவம்பர் 1-ல்தான் எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாநில எல்லைக் கோடு அங்கே விழுந்தாலும், கிறிஸ்துமஸுக்குக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே அச்சு முறுக்கு அச்சுதான் எண்ணெயில் முங்குகிறது. ஆகவே இந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும், யாருக்கும் முழுசாகத் தெரியாது. கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது.

நாளும் நேரமும்

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கேரல் ரவுண்டு, அரையாண்டுத் தேர்வு, வீடு வெள்ளையடிப்பு, ஸ்டார் கட்டுவது என்று ஒருத்தி வந்தால் ஒருத்தி வரமாட்டாள். அதற்கு முன்னால் வைத்தால் கற்றது மறந்துவிடும். இரண்டாவது சனியில் பார்த்துவிட்டுப் போனால், வீட்டில் ஒரு தடவை கொஞ்சமாகச் செய்து பழகி, இருபதாம் தேதி வாக்கில் நிறையச் செய்ய அவகாசம் இருக்கும்.

மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியுங்கள். இருட்டுவதற்கு முன் முடிப்பது முக்கியம். பயறு சிவந்ததும், பாகு நிறம் மாறுவதும் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். டியூப் லைட்டுக்குக் கீழே எல்லாம் வெளுப்பாகத் தெரிந்து, "இன்னும் கொஞ்சம்" என்று நினைக்கிற நேரத்தில் கருகிவிடும்.

ஒரு அடுப்புக்குப் பன்னிரண்டு பேர் வசதி. பதினைந்து வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் கைதேர்ந்த இன்னொருத்தியும் இன்னொரு அடுப்பும் வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நிற்கிறவர்கள் கதை பேசத் தொடங்கிவிடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. சட்டிக்குள் நடப்பது தெரியாவிட்டால் யாராயிருந்தாலும் பேசத்தான் செய்வார்கள்.

கூப்பிடும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் உண்டா? முந்திரி, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டா? செலவுக்குக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஆளுக்கு ஒரு தேங்காய் கொண்டுவரச் சொல்வேன். எங்கள் ஊரில் தேங்காய் இல்லாத புறவாசல் கிடையாது. பதினைந்து தேங்காய் சேர்ந்தால் அன்றைய பாலுக்கும் துருவலுக்கும் போக மிச்சமும் இருக்கும்.

என்னென்ன செய்வது

மூன்று பலகாரம் போதும், பிள்ளைகளுக்கு ஒன்று தனியாக. ஐந்தாறு வைத்தால் ஒன்றும் மனசில் நிற்காது.

எதையெல்லாம் விடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டயப்பம் சாப்பிட அருமை. ஆனால் மாவு பொங்க மணிக்கணக்கில் ஆகும், அவிந்த பிறகு மூடியைத் திறந்தால் வேலை முடிந்தது; நின்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை. குழலப்பம் சுருட்டக் கை பழக வேண்டும், ஒரு சாயங்காலத்தில் வராது. டைமண்ட் கட்ஸ் எல்லாருக்கும் தெரியும்.

நான் எடுப்பது, அச்சை மாவில் முக்கிப் பூப்போலப் பொரிக்கும் அச்சு முறுக்கு, சிறுபயறுப் பொடியைப் பாகில் உருட்டிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து, பிளம் கேக்குக்கான கருக்கின சீனிப்பாகு. மூன்றிலும் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடி தப்பினால் பலகாரம் தப்பும். செய்து காட்ட வேண்டியது அந்த நொடியைத்தான். பிள்ளைகளுக்குத் தீ வேண்டாத தேங்காய் உருண்டை.

முந்தின வாரம்

அச்சு இல்லாதவர்கள் நாகர்கோவில் கோட்டாற்றுப் பாத்திரக்கடைகளிலோ, அந்தப் பக்கம் போகிறவர்கள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ வாங்கலாம். புது அச்சை அப்படியே எண்ணெயில் விட்டால் மாவு பிரியவே பிரியாது. ஒரு ராத்திரி முழுக்கக் கஞ்சித் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தடவி, கொதிக்கும் எண்ணெயில் கொஞ்ச நேரம் கிடக்கவிட்டு எடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பழக்கினால் வழிக்கு வரும். அம்மாவோ மாமியாரோ வைத்திருந்த பழைய அச்சு கிடைத்தால் அதுதான் பொன். அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

பச்சரிசியை முந்தின வாரமே ஊறவைத்து, வடித்து, மில்லில் நைசாகப் பொடித்து வாங்குங்கள். டிசம்பரில் எங்கள் பக்கம் மழை விட்டபாடில்லை, மாவு வெயிலில் காயாது. அகலமான சட்டியில் மெல்லிய தீயில், நிறம் மாறாமல், ஈரம் மட்டும் போகிற அளவுக்குச் சூடாக்கி ஆறவைத்து அடைத்து வையுங்கள். கடை மாவு வாங்கினால் இடியாப்பத்துக்கு என்று வறுத்து வைத்திருக்கும் மாவு வேண்டாம். வறுத்த மாவில் அச்சு முறுக்குத் தடிப்பாக, மொரமொரப்பில்லாமல் வரும்.

கேக்குக்கு உலர்பழம் ஊறப்போடுவதும் இந்த வாரம்தான். திராட்சை இரண்டு வகை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் பொடியாக நறுக்கி மொத்தம் கால் கிலோ. ரம் சேர்க்காத வீட்டில் ஆரஞ்சுச் சாறோ கறுப்புத் திராட்சைச் சாறோ விட்டு, ஒரு கொதி விட்டு ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்தால் போதும். சாற்றில் ஊறினதை வெளியில் வைக்காதீர்கள், புளித்துவிடும்.

முந்தின நாள்

கேக்கை முந்தின நாளே சுட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓவனைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மைதா 150 கிராம், வெண்ணெய் 125, பொடித்த சீனி 125, முட்டை மூன்று, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், கருக்கின பாகு (செய்முறை பின்னால் வருகிறது) நான்கு மேசைக்கரண்டி, ஊறின பழம் கால் கிலோ. பழத்தைச் சாறு வடித்து, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய்ப் படியாது. 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். மசாலாவுக்குப் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு. எங்கள் மாறாமலைத் தோட்டத்துக் கிராம்பு கிடைத்தால் நாலு போதும். கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எண்ணெய்ச் சத்து கூடுதல், கூடப் போட்டால் கேக் பல்வலி மருந்து மணக்கும். ஓவன் இல்லாதவர்களுக்கு அடி கனத்த பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி, சிறு தீயில் சுடலாம். கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

அடுத்து முந்திரிக்கொத்துக்கு அரைக் கிலோ சிறுபயறு. மெல்லிய தீயில் கை விடாமல் வறுங்கள், பத்துப் பதினைந்து நிமிஷம். இதில் நான் ஒரு வேலை செய்வேன். ஒரு பிடி பயறை வறுக்காமல் ஒரு கிண்ணத்தில் வைப்பேன். சரியாக வறுத்ததில் ஒரு பிடி இன்னொன்றில். வேண்டுமென்றே கொஞ்சம் தாண்டவிட்டதில் ஒரு பிடி மூன்றாவதில். மறுநாள் மூன்று கிண்ணமும் கை மாறிப் போகும், எல்லாரும் மோந்து பார்ப்பார்கள். பச்சை வாடை, வறுத்த மணம், தீய்ந்த வாடை. நிறத்தில் ஏமாறுகிறவர்கள் மூக்கில் ஏமாற மாட்டார்கள்.

வறுத்த பயறை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி உடைத்து, சுளகில் புடைத்துத் தோல் போக்கி, ரவைப் பருவத்தில் பொடியுங்கள். ஒரு பெரிய தேங்காயைத் திருவி, ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமாகும் வரை வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒரு வாரத்தில் பலகாரம் காறிவிடும். எள் ஐம்பது கிராம் வறுத்தது, ஏலக்காய் பத்து, சுக்குப் பொடி அரை டீஸ்பூன். எல்லாம் கலந்து பாதியைப் பாகு விட்டு உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டிக் காயவைத்துவிடுங்கள். மீதிப் பாதி கூட்டத்துக்கு. உருட்டினது ஒரு ராத்திரி காய்ந்து இறுகினால்தான் எண்ணெயில் உடையாது. அதனால்தான் முந்தின நாள் உருட்டியதை அன்று பொரிப்பதும், அன்று உருட்டியதை அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவதும்.

இடம்

அடுக்களையில் வைக்காதீர்கள். முன்பக்கத் தளத்திலோ போர்ட்டிகோவிலோ வையுங்கள், காற்று வரும் பக்கம் ஒரு பாய் கட்டி மறைத்தால் தீ ஆடாது. அடுப்பை உயர்ந்த மேடையில் வைத்தால் பின்னால் இருப்பவர்களுக்குச் சட்டியின் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். முட்டளவு உயரத்தில், ஆடாத ஒரு பெஞ்சில் வைத்து, நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். எண்ணெய்க்கு அடி கனத்த இரும்புச் சட்டி, பாதிக்குக் கீழே எண்ணெய். சட்டிக்குப் பொருந்துகிற மூடி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெயில் தீப் பிடித்தால் கேஸை அணைத்து மூடியைப் போட வேண்டும், தண்ணீர் விடவே கூடாது. இதைக் கூட்டம் தொடங்கும்போதே எல்லாரிடமும் சொல்லுங்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் சொருகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வேறு மேசை, வேறு மூலை.

இனி கூட்டம்

வந்ததும் சாயாவும் முந்தின நாள் சுட்ட கேக்கில் ஆளுக்கு ஒரு துண்டும். பசியோடு இருக்கிறவர்களுக்குக் கற்றுக்கொள்ளும் பொறுமை வராது.

முதலில் முந்திரிக்கொத்துப் பாகு. மீதிப் பொடிக்கு 200 கிராம் வெல்லம். அரைக் கிலோ பயறுக்கு நானூறு என்பது கணக்கு. வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டால் நிறம் கறுக்கும், மணம் தூக்கும். எனக்குக் கருப்பட்டிதான் இஷ்டம். எதுவானாலும் அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டித்தான் காய்ச்ச வேண்டும்.

பாகு கொதிக்கத் தொடங்கியதும் ஒரு தட்டில் பாகுத் துளி விட்டு, மூன்று தடவை சுற்றி அனுப்புங்கள். கரைந்து கொதித்ததும் ஒரு துளி: விரலில் ஒட்டும், இழுத்தால் இழை வராது. நுரை அடங்கிக் குமிழ் பெரிசாக, மெதுவாக வெடிக்கும்போது ஒரு துளி: இழை வரும், உடனே அறும். இன்னும் சற்று நேரத்தில் ஒரு துளி: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்தால் நடுவில் ஒரு நூல் அறாமல் நிற்கும். அதுதான். ஒவ்வொரு தட்டு போகும்போதும் தீயை அணைத்துவிடுங்கள். கடைசி நாற்காலிக்குத் தட்டு போய்ச் சேர்வதற்குள் சட்டியில் பாகு இன்னொரு பதத்துக்குப் போயிருக்கும். பதம் தாண்டினால் உருண்டை ஆறினதும் கல்லாகிவிடும். ஒரு கரண்டி வெந்நீர் விட்டுத் திரும்பக் கொதிக்கவைத்தால் திருத்தலாம். பதம் வராமல் இறக்கினால் உருண்டை தளர்ந்து சரியும், நாளும் நிற்காது.

பொடியில் பாகை முழுக்க ஒரேயடியாக விடாமல் ஒரு கரண்டி பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே உருட்ட வேண்டும். கையில் அரிசிமாவு தொட்டுக்கொள்ளலாம். பதினைந்து பேர் கையும் ஒரே சமயத்தில் இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் முடியும், ஒருத்தி தனியாக உருட்டினால் பாதியில் ஆறி உதிரும். உதிர்ந்தால் வெந்நீரைக் கொஞ்சம் தெளித்துப் பிசையுங்கள். சின்ன நெல்லிக்காய் அளவு போதும், பெரிசாக உருட்டினால் மூன்றை ஒட்டினதும் மாவு பிடிக்காது. அவரவர் உருட்டியதை அவரவர் டப்பாவில், பெயர் எழுதி. கூடவே ஒரு பொட்டலம் மேல்மாவு: அரிசிமாவு மூன்று பங்கு, மைதா ஒரு பங்கு, மஞ்சள் தூள் சிட்டிகை, உப்பு. மறுநாள் வீட்டில் கரைத்து முக்கி அவர்களே பொரிக்கட்டும்.

அடுத்து கருக்கின பாகு. கால்மணி நேர வேலை, ஆனால் சூடு அதிகம், ஆகவே இதை நீங்களே செய்யுங்கள், யார் கையிலும் கொடுக்க வேண்டாம். 100 கிராம் சீனி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், உள்பக்கம் வெளுப்பாக இருக்கிற பாத்திரம். இருண்ட பாத்திரத்தில் நிறம் தெரியாது. கரண்டி போட்டுக் கிண்டாமல் பாத்திரத்தையே சுழற்றுங்கள். முதலில் மார்த்தாண்டம் தேன் நிறம், பிறகு செம்பு நிறம், பிறகு கட்டன் காப்பி நிறம். முதல் இரண்டில் எடுத்தால் கேக் இனிக்குமே தவிர நிறமும் அந்த லேசான கசப்பும் வராது. மெல்லிய புகை இழை ஒன்று எழும்பும்போது அணைத்துவிட்டு, அரை டம்ளர் கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் பாகு சீறித் தெறிக்கும். வெந்நீருக்கும் கொஞ்சம் பொங்கும். மற்ற கையில் மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி வையுங்கள். கட்டி தட்டினால் திரும்பத் தீயில் வைத்தால் கரைந்துவிடும். ஆறின பாகு இரண்டு கேக்குக்கு வரும்.

பாகு ஆறுகிற நேரத்துக்கு நான் தலச்சேரிக் கதையைச் சொல்வேன். 1883-ல் பிரௌன் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கைக் கொண்டுவந்து, தலச்சேரியில் பேக்கரி வைத்திருந்த மம்பள்ளி பாபுவிடம் இதைப் போல ஒன்று செய்யச் சொன்னாராம். அவர் பிராந்திக்குப் பதில் முந்திரிப்பழத்தில் வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துச் செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். கையில் இருப்பதை வைத்து நல்ல பலகாரம் செய்யலாம் என்பதற்கு வருகிறவர்களுக்கு இதைவிடத் தைரியம் வேறு வேண்டாம்.

இப்போது பிள்ளைகளை அவர்கள் மேசைக்கு அனுப்பிவிடுங்கள். கன்டென்ஸ்டு மில்க் ஒரு டின், உலர் தேங்காய்த் துருவல் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பிசைந்து உருட்டி, மீதித் துருவலில் புரட்டி, மேலே ஒரு செர்ரித் துண்டு. பெரிய பிள்ளை ஒன்றைத் தலைமைக்கு வைத்தால் போதும். எண்ணெய் கொதிக்கிற முக்கால் மணி நேரமும் அவர்கள் கை வேலையாக இருக்கும், நமக்குப் பயமில்லை.

அச்சு முறுக்கு

இதற்குத்தான் எல்லாரும் வருகிறார்கள், இதற்குத்தான் நேரம் நிறைய ஒதுக்க வேண்டும்.

அரிசி மாவு 300 கிராம், பொடித்த சீனி 100 கிராம், முட்டை ஒன்று, கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரை டம்ளர், உப்பு சிட்டிகை, கறுப்பு எள் இரண்டு டீஸ்பூன். முட்டையையும் சீனியையும் அடித்து, பாலை விட்டு, மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அரைமணி நேரம் வையுங்கள். முட்டை வேண்டாதவர்களுக்கு முட்டையில்லாமல் மாவைத் தனியாகக் கரைத்து, இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்த்து, பாலைச் சற்றுக் கூட்டலாம். பாட்டிமார் சொல்கிறார்களே என்று சீனியைக் கூட்டாதீர்கள். சீனி கூடினால் அச்சை விட்டு வராது, வந்தாலும் உள்ளே வேகும் முன் வெளியே சிவந்துவிடும்.

கரைத்த மாவில் கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நிற்க வேண்டும், கரண்டியின் விளிம்பிலிருந்து மாவு சொட்டவும் வேண்டும். கோடு மூடினால் மாவு ஒரு கரண்டி சேருங்கள். சொட்டாமல் நின்றால் இரண்டாம் பால் விடுங்கள். இந்தக் கரண்டியையும் சுற்றி அனுப்புங்கள்.

மாவை அகலமான பாத்திரத்தில் வைக்காதீர்கள். வாய் சிறுத்த, ஆழமான பாத்திரத்தில் இருந்தால்தான் கடைசி வரை அச்சு முங்கும். அரிசிமாவு அடியில் படியும், ஒவ்வொரு முக்கலுக்கும் முன் ஒரு கலக்குக் கலக்குங்கள்.

எண்ணெய் ஒரு லிட்டர். எங்கள் பக்கம் தேங்காயெண்ணெய்தான். ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் போய் உடனே மேலே வர வேண்டும். புகைய விடாதீர்கள், தேங்காயெண்ணெய் சீக்கிரம் புகையும். அச்சு எண்ணெய்க்குள்ளேயே கிடந்து காய வேண்டும், ஐந்து நிமிஷமாவது.

இனிமேல் காதைக் கொடுக்கச் சொல்லுங்கள். காய்ந்த அச்சை எடுத்து, சொட்டும் எண்ணெயை உதறி, மாவில் இறக்கும்போது "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அச்சு காயவில்லை. மாவு பிடிக்கும், ஆனால் எண்ணெயில் பிரியாது. சத்தம் படபடவென்று பெரிசாக வந்து மாவு பிடிக்காமல் வழிந்தால் அச்சு கூடக் காய்ந்துவிட்டது. ஒரு நிமிஷம் வெளியே பிடித்து ஆறவையுங்கள். அச்சு முக்கால் பாகம்தான் மாவில் முங்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் பூ அச்சைக் கவ்விக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாவோடு அச்சை எண்ணெயில் இறக்கி, சட்டியின் அடியில் தட்டாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அரை நிமிஷத்துக்குள் ஓரம் லேசாக விடும். கையை மெதுவாக ஆட்டினால் பூ கழன்று மிதக்கும். முரண்டு பிடித்தால் ஒரு ஈர்க்கால் ஓரத்தைத் தட்டிவிடுங்கள், போதும். முதல் இரண்டு மூன்று பூ பிரியாமல் உடைவது இயல்பு, அச்சு முழுக்கச் சூடு பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் கற்றுக்கொள்ள வந்த பெண் பயப்பட மாட்டாள்.

எடுக்கும் நேரத்தை நிறத்தால் மட்டும் பார்க்காதீர்கள். பூவைச் சுற்றி எண்ணெய்க் குமிழ் குறைந்து அடங்கும். நிறம் வெளிர்ப் பொன்னாக இருக்கும். அப்போதே கோரி எடுங்கள். வெளியே வந்த பிறகும் ஒரு சாயல் சிவக்கும். சூட்டில் தொட்டால் வளையும், ஒரு நிமிஷத்தில் மொறுமொறுப்பாகிவிடும். "வளையுதே, வேகலையா மைனி?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு நிமிஷம் கழித்து அவர்களையே ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்துப் பூ நீங்கள் போட்டதும் அச்சைக் கைமாற்றுங்கள். பிடி சூடாகும், துணி சுற்றிக் கொடுங்கள். ஒரு சமயம் ஒருத்தி மட்டும், நீங்கள் அவள் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்லுங்கள், கையைப் பிடித்து நடத்தாதீர்கள். ஆளுக்கு இரண்டு பூ. முதலாவது கோணும், இரண்டாவது பெரும்பாலும் சரியாக வரும். 300 கிராம் மாவுக்கு அச்சின் அளவைப் பொறுத்து முப்பத்தைந்து நாற்பது வரும், ஆகவே கணக்கு சரியாக இருக்கும்.

கடைசியில்தான் முந்தின நாள் உருட்டிய முந்திரிக்கொத்தைப் பொரிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பயறுப் பொடி உதிர்ந்து எண்ணெய் கலங்கி, அச்சு முறுக்கில் கரும்புள்ளி விழும். மேல்மாவு அச்சு முறுக்கு மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். கொத்தை முழுக்க முக்கி, நடுத்தரத் தீயில், ஒரு சமயம் நாலைந்து மட்டும் போடுங்கள். உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான், மேல்மாவு வெந்து விறைத்தால் எடுத்துவிடலாம்.

கொடுத்தனுப்புதல்

முழுக்க ஆறின பிறகுதான் டப்பாவில் போட வேண்டும், ஆறின பிறகு ஒரு நிமிஷம்கூட வெளியே வைக்கக் கூடாது. மழைக்காலக் காற்றில் அச்சு முறுக்கு அரைமணி நேரத்தில் நமத்துவிடும். காற்றுப் புகாத டின்னில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். முந்திரிக்கொத்தும் அப்படித்தான். பிள்ளைகள் செய்த தேங்காய் உருண்டையை ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிடச் சொல்லுங்கள்.

அளவுகளை எழுதிய தாளை இப்போதுதான் கொடுக்க வேண்டும், கூட்டம் தொடங்கும்போது கொடுத்தால் சட்டியைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பார்கள். தாளின் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். அன்று கண்ணால் பார்த்ததை அவரவர் வார்த்தையில் அவர்களே எழுதிக்கொள்ளட்டும். பாறசாலைப் பெண்கள் மலையாளத்தில் எழுதுவார்கள், எழுதட்டும்.

மிஞ்சின எண்ணெயை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு வாரத்துக்குள் தாளிக்க மட்டும் எடுங்கள். திரும்பப் பலகாரம் பொரிக்க வேண்டாம். அச்சைத் துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, தாளில் சுற்றி வையுங்கள். கூட்டம் முடிந்த வாரத்தில் அச்சு கடன் கேட்டு ஆள் வரும். யார் கொண்டுபோனார்கள், என்றைக்குத் திரும்ப வரும் என்று காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள், இருபத்துநாலாம் தேதி உங்களுக்கே வேண்டியிருக்கும்.